எதிர்பாராத விதமாக

கோயம்புத்தூரில் இருக்கும் அக்காவின் மகள் 2024ஆம் ஆண்டு ஏப்ரல் கடைசியில் தொலைபேசியில் அழைத்தாள். மே விடுமுறைக்குப் பிள்ளைகள் இருவரோடும் அம்மாவோடும் பசறைக்கு வருவதாகச் சொன்னாள். எனக்குச் சந்தோஷம் தாளவில்லை. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியப் பிரஜையாக்கப்பட்ட கணவனோடு 1981இல் தலைமன்னாரில் கப்பலேறியவள் என் அக்கா. மண்டபம் முகாம், பிறகு கோத்தகிரி, கடைசியில் மகளோடு கோவை என்று அவளுடைய வாழ்க்கை அந்தக் கரையில் நடந்துவிட்டது. இடையில் ஒரே ஒரு தடவை, அம்மாவின் மரணத்துக்காக வந்து போனாள்.

பேச்சை முடிக்கும் தறுவாயில் மருமகள் சற்றுத் தயங்கினாள்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. ராத்திரி தங்குறதுக்குப் பதுளையிலயோ எல்லயிலயோ ரூம் பார்த்துக்கலாமான்னு இவர் கேக்குறார். உங்க வீட்ல சின்னப் பிள்ளைங்க இருந்து பழக்கமில்லையே. சின்னவ எதைக் கண்டாலும் வாயில வைக்கிறா."

மூத்தவனுக்கு நான்கு வயது. சின்னவளுக்கு ஒரு வயதும் மூன்று மாதமும்.

நான் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் தொலைபேசியை வைத்த பிறகும் அந்த வார்த்தை மனதில் கிடந்து உறுத்தியது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அது எங்களுக்கு வாய்க்காமல் போன ஒன்றல்ல. யுத்த காலத்தில், கொழும்பில் வாடகை அறையில், நள்ளிரவுக்குப் பின் வீடு திரும்பும் தொழிலில் இருந்த நானும், ஆசிரியையான மனைவியும் பேசி எடுத்த முடிவு அது. ஊருக்கு அதை விளக்கிக் களைத்துப்போய், விளக்குவதையே விட்டுவிட்டோம். "உங்களுக்கு என்ன, பிள்ளையா குட்டியா" என்ற பேச்சும் பழகிவிட்டது. ஆனால் எங்கள் வீடு ஒரு குழந்தைக்கு ஆபத்தான இடம் என்று ஒருவர் சொல்வதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் கோபிப்பாள் என்று நினைத்தேன். "அவ சொல்றது சரிதானே" என்று மட்டும் சொல்லிவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு விறாந்தையில் முழங்காலிட்டாள். "நீங்களும் குனிஞ்சு பாருங்க. நம்ம உயரத்தில நின்னா ஒண்ணும் தெரியாது."

*

பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த முதல் வருடங்களில், பிராந்திய நிருபர்கள் அனுப்பும் செய்திகளைச் சுருக்கி ஒற்றைப் பத்திக்குள் அடக்குவது என் வேலை. கிணற்றில் விழுந்த சிறுவன், கொதிநீர் கொட்டிய குழந்தை, மருந்தென்று எண்ணிக் கிருமிநாசினியைக் குடித்த சிறுமி. ஏறக்குறைய எல்லாச் செய்திகளிலும் ஒரு சொற்றொடர் இருக்கும்: 'எதிர்பாராத விதமாக'. நிருபர் எழுதாமல் விட்டிருந்தால் நானே சேர்த்துவிடுவேன். வாக்கியம் நிறைவாக அமையும். யாரையும் குற்றஞ்சாட்டாது. பெற்றோருக்கும் ஓர் ஆறுதல்.

முழங்காலிட்டுப் பார்த்த அந்தச் சனிக்கிழமை காலையில்தான், நான் எத்தனையோ தடவை அச்சுக்கு அனுப்பிய அந்தச் சொற்றொடர் பொய் என்பது புரிந்தது. இரண்டரை அடி உயரத்திலிருந்து பார்த்தால் எங்கள் வீட்டில் எதிர்பாராதது எதுவுமே இருக்கவில்லை. எல்லாம் கண்முன்னே காத்துக்கொண்டிருந்தன.

முதலில் என் மாத்திரைகள். பத்து வருடமாக எனக்கு நீரிழிவு. காலையில் மறக்காமலிருக்க, சாப்பாட்டு மேசையில் ஒரு சிறிய கிண்ணத்தில் அவற்றைப் போட்டு வைத்திருப்பேன். பார்வைக்கு மிட்டாய் போலத்தான் இருக்கும். நீரிழிவு மாத்திரைகளில் சில வகை, ஒன்றே ஒன்றாக இருந்தாலும், ஒரு சின்னக் குழந்தையின் இரத்தச் சீனியை உயிராபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடும். அதுவும் பல மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். இரத்த அழுத்த மாத்திரைகளிலும் அப்படிப்பட்டவை உண்டு. பிள்ளைகள் உள்ள வீட்டில் இவை உயரத்தில், பூட்டுக்குள் போய்விடும். எங்களைப் போன்றவர்களின் வீட்டில் மேசையில் கிடக்கும்.

சாமி அறையில் கற்பூரம். அதைத் தின்ற குழந்தைக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். கட்டிலருகே தைலமும் யூக்கலிப்டஸ் எண்ணெய்க் குப்பியும். மலைநாட்டுக் குளிருக்கு இவை இல்லாத வீடு உண்டா? இரண்டையும் வெறும் வாசனைப் பொருளாகவே எண்ணி வந்திருக்கிறோம். அவையும் பிள்ளையின் வயிற்றில் விஷம்தான்.

என் எழுத்து மேசை லாச்சியில், பழைய ஒலிப்பதிவுக் கருவிகளோடு வட்டமான சிறிய மின்கலங்கள் சில உருண்டு கிடந்தன. ஒரு சதத்துக் காசு போன்ற அந்தச் சாமான் தொண்டைக் குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே சுட்டுப் புண்ணாக்கத் தொடங்கிவிடுமாம். வெளியே இருமலும் எச்சிலும் தவிர வேறொன்றும் தெரியாது. இதை மருத்துவ நண்பர் ஒருவர் விளக்கியபோது, அந்த லாச்சியை அப்படியே கழற்றி அலுமாரியின் மேல் வைத்தேன்.

புத்தக அலுமாரிகள் மூன்று. சுவரோடு சாய்ந்து நின்றனவே தவிர, எதுவும் சுவரோடு பிணைக்கப்பட்டிருக்கவில்லை. நாலு வயதுப் பையனுக்குப் புத்தகத் தட்டு ஓர் ஏணி. மேல் தட்டில் வருடக்கணக்கான பத்திரிகைக் கட்டுகளின் பாரம். தச்சு பாஸை அழைத்து, மூன்றையும் இரும்புத் தகட்டால் சுவரோடு ஆணியடித்து இறுக்கினோம்.

அவரையே கொண்டு, விறாந்தையிலிருந்து கீழ்த் தோட்டத்துக்கு இறங்கும் கற்படிகளுக்கு ஒரு சிறு மரப்படலையும் செய்வித்தோம். பசறையில் சமதரையான வளவு யாருக்கு இருக்கிறது? எங்கள் வீடும் சரிவில்தான். ஒரு பக்கம் எட்டடிக் கல்லணை, அதன் கீழே மரக்கறிப் பாத்தி. பாஸ் முதலில் அழகாகக் குறுக்குச் சட்டங்கள் வைத்தார். குறுக்குச் சட்டம் என்றால் பிள்ளை ஏறிவிடும், நெடுக்காக வையுங்கள் என்றாள் மனைவி. இரண்டு சட்டங்களுக்கு இடையில் பத்து சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி இருந்தால், உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும் என்பதையும் எங்கோ வாசித்து வைத்திருந்தாள். பாஸ் சிரித்தார். "மிஸ், எங்க வீட்ல அஞ்சு பிள்ளைக வளர்ந்துச்சு, அளவுகோல் வச்சா வளர்த்தோம்?" என்றார். பிறகு சட்டங்களைக் கழற்றி நெடுக்காக அடித்தார்.

தண்ணீர் ஒழுங்காக வராத ஊர் ஆகையால் குளியலறையில் ஒரு பெரிய பரலும் நாலைந்து வாளிகளும் எப்போதும் நிறைந்திருக்கும். தலை பாரமாக இருக்கும் வயதுக் குழந்தை வாளிக்குள் எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் தானாக எழும்ப முடியாது. சில அங்குலத் தண்ணீர் போதும். சத்தமும் கேட்காது. பரலுக்கு மூடியும் அதன்மேல் ஒரு கல்லும் வந்தன. வாளிகள் கவிழ்த்து வைக்கப்பட்டன.

வேலியோரம், மலைநாட்டுப் பாதைகளெங்கும் பூத்துத் தொங்கும் எக்காளம் போன்ற அந்த வெள்ளைப் பூ. ஊமத்தைக்கு உறவான செடி. பூ, இலை, விதை எல்லாமே நஞ்சு. மனைவிக்கு மிகவும் பிடித்த செடி. வெட்டச் சொன்னவளும் அவள்தான்.

கடைசியாகக் குசினிக்கு வந்தோம்.

*

குசினியில், அடுப்பு மேடைக்குக் கீழே, அரிசிப் பேணிக்குப் பின்னால் ஒரு சோடாப் போத்தல் நின்றது. அரைவாசிக்கு மண்ணெண்ணெய். பக்கத்தில் ஒரு குப்பி விளக்கு.

2022இல் நாடு வங்குரோத்தானபோது, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சமையல் வாயுவும் இல்லை. மெழுகுதிரி விலை எட்டாத உயரத்தில். வரிசையில் நின்று வாங்கி வந்த மண்ணெண்ணெய்யை, கையில் கிடைத்த போத்தலில் ஊற்றி வைத்தோம். பழைய மருந்துப் போத்தலின் மூடியில் ஓட்டை போட்டுத் திரியைச் செருகி விளக்கும் செய்துகொண்டோம். மின்சாரம் வந்துவிட்டது. போத்தலும் விளக்கும் அங்கேயே நின்றுவிட்டன.

தாகமெடுத்த பிள்ளைக்குச் சோடாப் போத்தலில் இருப்பது தண்ணீர்தான். இலங்கையில் சிறு பிள்ளைகள் விஷமருந்தி ஆஸ்பத்திரிக்கு வரும் காரணங்களில் மண்ணெண்ணெய் நெடுங்காலமாக முன்வரிசையில் இருப்பதற்கு இதுதான் காரணம். அது வயிற்றைவிட நுரையீரலுக்கே அதிகம் கேடு. மெல்லிய திரவமாகையால் புரையேறிச் சுவாசப்பைக்குள் சுலபமாக இறங்கிவிடுகிறது. பதறிப்போய் விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பவர்கள், அதை இரண்டாம் முறை அந்தப் பாதையால் அனுப்புகிறார்கள். வாந்தி எடுக்க வைக்காமல், பால் புகட்டாமல், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதொன்றே வழி.

அந்தக் குப்பி விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நான் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

நான் பிறந்தது லயத்தில். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்று, முன்னால் ஓர் இஸ்தோப்பு. ஏழு பேர். அடுப்பு, விளக்கு, வெட்டுக்கத்தி, கொதிக்கும் தண்ணீர், பிள்ளைகள் எல்லாம் ஒரே தரையில். உயரத்தில் வைக்கத் தட்டு இல்லை, பூட்டி வைக்கக் கதவு இல்லை. பிள்ளைக்கு எட்டாத இடம் என்று ஒன்று அந்த அளவுக்குள் கிடையாது. எனக்கு எட்டு வயதிருக்கும்போது அடுத்த காம்பராவில் நாலு வயதுப் பெண்பிள்ளை ஒன்று, மாலை மங்கும் நேரத்தில், பெட்டியின் மேல் நின்ற குப்பி விளக்கைத் தட்டிவிட்டது. நைலோன் சட்டை. தாய் பீலியடியில் தண்ணீருக்கு நின்றாள். எங்கள் அப்பாதான் சாக்கைப் போட்டு அணைத்தார். ஆறு நாட்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தது அந்தப் பிள்ளை. அடக்கம் முடிந்து வந்த இரவு, எங்கள் காம்பராவிலும் அதே மாதிரி விளக்குத்தான் எரிந்தது. வேறு விளக்கு எங்களிடம் இல்லை. "தலையெழுத்து" என்றார் அப்பா. பின்னாளில் கொழும்பில் உட்கார்ந்து நான் எழுதிய 'எதிர்பாராத விதமாக' என்பதும் அந்தத் தலையெழுத்தின் செந்தமிழ்தான்.

தலையெழுத்தென்று ஒப்புக்கொள்ளாத ஒரு மனிதரும் இந்த நாட்டில் இருந்தார். சத்திரசிகிச்சை நிபுணர் டாக்டர் விஜய கொடகும்புர. குப்பி விளக்குக் கவிழ்ந்து எரிந்து வருபவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர், ஒரு கட்டத்தில் விளக்கையே பார்க்கத் தொடங்கினார். உயரமான, எடையற்ற போத்தல் சுலபமாகக் கவிழ்கிறது. கவிழ்ந்ததும் உருளுகிறது. மூடி கழன்று எண்ணெய் சிந்துகிறது. கண்ணாடி உடைகிறது. இந்த நான்குக்கும் விடையாக அவர் அமைத்த விளக்கு குள்ளமானது, தடித்த கண்ணாடியாலான பாரமானது. உருளாமலிருக்க இரண்டு பக்கம் தட்டை. மூடி திருகிப் பூட்டும் உலோக மூடி. மார்மைட் போத்தலின் வடிவம் அவருக்கு வழிகாட்டியது என்பார்கள். 'சுதீப' என்ற அந்த விளக்குக்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. விருதுச் செய்தியை நானும் வாசித்தேன். அந்த விளக்கு இருபது வருடம் முந்தி வந்திருந்தால் என்று அப்போது தோன்றவில்லை. இப்போது தோன்றியது.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2008இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் வருடந்தோறும் எட்டு இலட்சத்து முப்பதாயிரம் பிள்ளைகள் விபத்துகளில் இறக்கிறார்கள் என்று மதிப்பிட்டது. அவற்றில் பெருந்தொகை தவிர்க்கக்கூடியவை என்பதே அந்த அறிக்கையின் சாரம். எத்தனை ஒற்றைப் பத்திகள்!

போத்தலையும் விளக்கையும் வீட்டைவிட்டு அகற்றினோம். சுவரிலிருந்த பழைய வட்டத்துளை மின் இணைப்புகளுக்குப் பிளாஸ்டிக் அடைப்பான்களைப் பதுளையில் தேடிப்பிடித்தேன். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். வீடு கட்டி வந்த பிறகு அன்றுதான் முதல் தடவை.

*

அவர்கள் வந்தார்கள். இரவு ரயிலில் வந்து, காலையில் பதுளையில் இறங்கி, மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தார்கள். மருமகள் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். படலையை ஆட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலையே எல்லயில் அறை பதிவு செய்த பேச்சு நின்றுவிட்டது.

மறுநாள் அக்காவைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். பிள்ளை மடுவம் இருந்த இடத்தைக் காட்டச் சொன்னாள். காலையில் கொழுந்துக்குப் போகும் அம்மா என்னை அங்கேதான் விட்டுப் போவாள். கூரை மரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், நடுவில் ஓர் ஆயம்மா. இன்று அவற்றின் பெயர் சிறுவர் அபிவிருத்தி நிலையம். கட்டடமும் மாறிவிட்டது. "இருபது பிள்ளைக்கு ஒரே ஆயம்மா. ஆனா அவ கண்ணு வெளிய போகாது தம்பி. அது ஒண்ணுதான் அவ வேலை" என்றாள் அக்கா.

நான்காம் நாள் காலை. நமுனுகுலை மலை மூட்டத்துக்குள் கிடந்தது. விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்து பத்திரிகையை விரித்தேன். ஆவி பறக்கும் பிளேன்டீயைக் கதிரையின் கைப்பிடியில் வைத்தேன். முப்பது வருடமாக அங்கேதான் வைக்கிறேன். வீட்டிலே பெரியவர்கள் ஐந்து பேர். சின்னவளை அம்மா பார்ப்பாள் என்று நான் நினைத்தேன். அம்மம்மா பார்ப்பாள் என்று அம்மா நினைத்தாள். தத்தித் தத்தி வந்தவள், தடுமாறி, விழாமலிருக்கக் கைப்பிடியைப் பற்றினாள்.

கிளாஸ் என் பக்கமாகச் சாய்ந்தது. தேநீர் முழுவதும் என் தொடையில் கொட்டியது. கையின் சாய்வு சற்று மாறியிருந்தால் அது அவள் முகத்தில் கொட்டியிருக்கும். போட்டுக் கால் மணி நேரமான தேநீர்கூடக் குழந்தையின் மெல்லிய தோலைச் சுட்டுவிடும் என்கிறார்கள். இது அப்போதுதான் போட்டது.

அக்கா ஓடி வந்து பிள்ளையைத் தூக்கி மகளிடம் கொடுத்துவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் நிறுத்தினாள். பற்பசை கொண்டுவரச் சொன்னாள். "அம்மா, பேஸ்ட் எல்லாம் வேணாம். இருபது நிமிஷம் தண்ணி மட்டும் ஓடட்டும்" என்று மருமகள் தடுத்தாள். பசறைத் தண்ணீரின் குளிரில் பற்கள் கிட்டிக்க, ஐம்பது தாண்டிய நான் நின்றேன். அக்கா என் காலைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். அவளுடைய கை நடுங்கியது. எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டிலுள்ள அத்தனை சாமான்களையும் இடம் மாற்றிய நான், என் கையின் பழக்கத்தை மாற்ற மறந்திருந்தேன்.

என்னை ஒருவரும் குறை சொல்லவில்லை. அன்று மத்தியானம் அக்கா ஒரு சிவப்புத் துவாயை எடுத்து என் மனைவியின் தோளில் போட்டாள். "இது யாரு தோள்ல இருக்கோ அவதான் ஆயம்மா. அடுத்த ஆள் தோள்ல போடாம இடத்தை விட்டு நகரக் கூடாது." மிச்சமிருந்த ஆறு நாளும் அந்தத் துவாய் தோளுக்குத் தோள் மாறியது. என் முறை வந்தபோது பத்திரிகை விரிக்கவில்லை. ஒரு பிள்ளையை ஒரு மணி நேரம் வேறெதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பது என்ன வேலை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அலுப்பான வேலை. அழகான வேலையும்கூட.

*

அவர்கள் போன அடுத்த நாள், மரப்படலையைக் கழற்றலாமா என்று மனைவியிடம் கேட்டேன். அவள் விறாந்தையைக் காட்டினாள். மாலை வகுப்புக்கு வந்த பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் பாயில் இருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்து லயங்களிலிருந்து வருபவர்கள். மனைவி ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர்களுக்குக் காசு வாங்காமல் கணிதம் சொல்லிக்கொடுக்கிறாள். அம்மாமார் மலையிலிருந்து இறங்க நேரமாகும் என்பதால், பெரிய பிள்ளைகள் தங்கள் தம்பி தங்கைகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவார்கள். அன்றும் இரண்டு வயதுப் பையன் ஒருவன் அந்தப் படலையைப் பிடித்துக்கொண்டு, கீழேயுள்ள கல்லணையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இந்தக் குஞ்சுகுருமான்கள் எங்கள் வீட்டுக்கு மூன்று வருடமாக வருகின்றன. மண்ணெண்ணெய்ப் போத்தல் இருந்தபோதும் வந்தன. மாத்திரைக் கிண்ணம் இருந்தபோதும் வந்தன. வாளிகள் நிறைந்திருந்தபோதும் வந்தன. இது பிள்ளைகள் இல்லாத வீடு என்றுதான் நாங்கள் இருவரும் சொல்லிக்கொண்டிருந்தோம். கோயம்புத்தூரிலிருந்து ஒருத்தி தயங்கிக் கேட்கும்வரை, அவர்களுக்காக நாங்கள் ஒரு தடவையும் முழங்காலிடவில்லை.

படலை அங்கேயே இருக்கிறது. சிவப்புத் துவாய் விறாந்தை ஆணியில் தொங்குகிறது. மனைவி கணிதம் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வது என் வேலை.